நல்ல கிடாய் ஏன் முதலில் விற்கப்படுகிறது?

ஓர் ஆட்டின் கறி எத்தகையது என்பதை உறுதியாக அறிய வேண்டுமானால் அதை வெட்டியாக வேண்டும். வெட்டிவிட்டால் அந்த ஆட்டிலிருந்து குட்டி பெற இயலாது. பால் மாட்டில் இந்தச் சிக்கல் இல்லை. கறக்கலாம், அளக்கலாம், மறுநாளும் கறக்கலாம். உழவு மாட்டின் திறனை ஏரில் பூட்டிய ஒரே நாளில் கண்டுகொள்ளலாம். இறைச்சிக்காக வளர்க்கப்படும் கால்நடையில் மட்டும், எந்தப் பண்புக்காக அதை வளர்க்கிறோமோ அந்தப் பண்பு தெரியவரும்போது அதன் சந்ததிக்கு வழியில்லாமல் போகிறது.

மாட்டிறைச்சியைப் பெருந்தொழிலாக நடத்தும் நாடுகள் இந்தச் சிக்கலோடு நெடுங்காலம் மல்லுக்கட்டின. பழைய வழி, பிள்ளைகளை வைத்துத் தந்தையை மதிப்பிடுவது. ஓர் இளங்காளையைப் பசுக்களோடு சேர்ப்பார்கள். கன்றுகள் பிறந்து வளர்ந்து கசாப்புக்கூடம் சென்ற பிறகு அவற்றின் இறைச்சியை அளப்பார்கள். அந்த அளவுகளைக் கொண்டு காளைக்கு மதிப்பெண் இடுவார்கள். காளை பருவமடைய ஓராண்டுக்கு மேல், சினைக்காலம் ஒன்பது மாதம், கன்று வளர ஒன்றரை ஆண்டு என்று கணக்கிட்டால், முடிவு கைக்கு வரும்போது காளை நான்கு வயதை நெருங்கியிருக்கும். தேறாத காளைகளுக்கும் அதுவரை தீனி போட்டாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் கர்ப்பிணிகளுக்கு எடுக்கப்படும் அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மாட்டுத் தொழுவத்துக்குள் நுழைந்தது. உயிருள்ள மாட்டின் கொழுப்புத் தடிமனையும் தசைப் பரப்பையும் மீயொலி கொண்டு அளக்கும் முறையைப் பற்றி அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டௌஃபரும் உடன் பணியாற்றியோரும் 1961-இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டுவிட்டனர். அக்காலக் கருவிகள் பண்ணைக்குப் பொருந்துவனவாக இல்லை. கருவிகள் சிறுத்து, படங்கள் தெளிந்து, ஆங்கஸ் போன்ற மாட்டினங்களின் சங்கங்கள் 1990-களின் பிற்பகுதியிலிருந்து இதை வழக்கமான நடைமுறையாக்கின.

செயல்முறை எளிதானதே. ஏறக்குறைய ஒரு வயதான காளைக்கன்றை மரச்சட்டங்களுக்கிடையே அசையாமல் நிறுத்துகிறார்கள். முதுகில் பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது விலா எலும்புகளுக்கு நடுவே முடியை மழித்துச் சமையல் எண்ணெய் தடவுகிறார்கள். இடையில் காற்று இருந்தால் ஒலியலை உடலுக்குள் ஒழுங்காகச் செல்லாது என்பதே காரணம். பிறகு ஒரு சாண் நீளமுள்ள முனையை வைத்து அழுத்தினால் திரையில் குறுக்குவெட்டுத் தோற்றம் தெரிகிறது. முதுகுத்தண்டை ஒட்டி ஓடும் நீள்தசையின் பரப்பு, தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பின் தடிமன், தசைக்குள் இழையிழையாகப் படர்ந்திருக்கும் கொழுப்பின் அளவு ஆகியவை கணக்கிடப்படுகின்றன. கன்று சில நிமிடங்களில் கொட்டிலுக்குத் திரும்பிவிடுகிறது.

பொருளியல் படித்தவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்தது இதற்கடுத்த படி. படம் எடுத்தவரே அளவைச் சொல்வதில்லை. படங்கள் ஒரு பொது ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே பயிற்சி பெற்றவர்களால் படிக்கப்படுகின்றன. காளை யாருடையது என்பதில் அவர்களுக்கு அக்கறை கிடையாது. படம் எடுப்பவரும் தேர்வெழுதித் தகுதிச் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் ஒருசேர நம்பக்கூடிய எண் அப்படித்தான் கிடைக்கிறது.

அந்த எண்ணும் தனியாகப் பயன்படாது. நன்றாகத் தீனி தின்ற கன்றின் தசை பெரிதாகத்தான் இருக்கும். அது தீனியின் பெருமையா, பிறப்பின் பெருமையா? இதைப் பிரித்தறிய, ஒரே பண்ணையில், ஒரே பருவத்தில் பிறந்து, ஒரே தீனி தின்று வளர்ந்த கன்றுகளையே ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார்கள். தசைப் பரப்பு, கொழுப்பு ஆகியவற்றில் விலங்குக்கு விலங்கு காணப்படும் வேறுபாட்டில் சுமார் 30 முதல் 40 சதவீதம் மரபுவழி வருவது என்று பல ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. எஞ்சியது தீனி, நோய், வளர்ப்பு. இந்தப் பங்கையும், தாய் தந்தை, உடன்பிறப்புகளின் பதிவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டு ஒவ்வொரு காளைக்கும் ஓர் இனவிருத்தி மதிப்பு தருகிறார்கள். இக்காளையின் கன்றுகள் சராசரியைவிட எவ்வளவு கூடுதலாகத் தரும் என்பதற்கான முன்கணிப்பு அது. இவை அனைத்துக்கும் அடியில் விலை நிற்கிறது. அமெரிக்காவில் இறைச்சி தரம் பிரிக்கப்படுகிறது. தசைக்குள் கொழுப்பு படர்ந்த இறைச்சிக்குக் கூடுதல் விலை உண்டு. அந்தக் கூடுதல் விலையின் ஒரு பகுதி கன்று வளர்த்தவருக்கும், காளை விற்றவருக்கும் வந்து சேர்கிறது. அந்த வரவு இல்லையென்றால் கருவிக்குச் செலவழிக்க எந்தப் பண்ணையாளரும் முன்வந்திருக்க மாட்டார்.

இதையெல்லாம் கள்ளக்குறிச்சிப் பக்கத்து வாசகருக்கு ஏன் சொல்கிறேன்? நம் ஊரில் மாட்டை இறைச்சிக்கென்று தேர்ந்து இனம்பெருக்குவோர் இல்லை. மாடு உழவுக்கும் வண்டிக்கும் பாலுக்கும் வளர்க்கப்பட்டது. வேலைக்கும் கன்று ஈனவும் தகுதியற்ற, 10 வயது கடந்த மாட்டுக்கே சான்றிதழின் பேரில் வெட்ட அனுமதி என்பது 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின் பொதுவிதி. இந்தியா ஏற்றுமதி செய்வதும் எருமை இறைச்சியே. ஆகவே மேலைநாட்டு மாட்டுப் பண்ணையின் கேள்வியை நம் மண்ணில் கேட்க வேண்டுமானால் வெள்ளாட்டிடமும் செம்மறியிடமும்தான் கேட்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வெள்ளாடுகள் மட்டும் ஏறத்தாழ 99 லட்சம். மாடுகளின் எண்ணிக்கையை விட இது சற்றே கூடுதல். வெள்ளாடு அநேகமாக முழுவதும் கறிக்காகவே இங்கு வளர்க்கப்படுகிறது.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதி. கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களின் எல்லைகள் அங்கே கலக்கின்றன. மலையாளி என்றழைக்கப்படும் பழங்குடியினர் (கேரளத்தோடு தொடர்புபடுத்திக் குழம்ப வேண்டாம்; இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்) மரவள்ளியும் சாமையும் மக்காச்சோளமும் பயிரிடுகிறார்கள். வீட்டுக்குச் சில ஆடுகள். கால்நடை அறிவியலார் 'சேலம் கறுப்பு' என்று பெயரிட்டு அங்கீகரித்திருக்கும் வெள்ளாட்டினத்தின் பூர்வீகப் பகுதி இம்மலைக்கு மேற்கே சேலம், தருமபுரி வட்டாரம். உயரமான, ஒல்லியான, உடல் முழுதும் கறுத்த ஆடு அது. மலையிலும் அடிவாரத்திலும் காணப்படுபவற்றில் அதன் சாயல் கொண்டவையும் உண்டு, கலப்பும் உண்டு.

இந்த ஆடுகளை மலைமக்கள் வருமானத்துக்கான தொழிலாகக் கருதுவதைவிட வங்கிக் கணக்காகக் கருதுகிறார்கள் என்று சொல்வது பொருத்தம். பள்ளி திறக்கும் மாதத்தில் ஒன்று, மருத்துவமனைச் செலவு வந்தால் ஒன்று, மழை பொய்த்தால் இரண்டு என்று அந்தக் கணக்கிலிருந்து எடுக்கிறார்கள். வீட்டுக்கே வரும் வியாபாரியிடமோ, கீழே உளுந்தூர்பேட்டையின் புதன்கிழமைச் சந்தையிலோ, சேலம் மாவட்டத்து வீரகனூரின் சனிக்கிழமைச் சந்தையிலோ விற்கிறார்கள்.

சந்தையில் தராசு அரிது. வியாபாரி ஆட்டின் முதுகைத் தடவுகிறார். கடைசி விலாவுக்குப் பின்னால் இடுப்புச் சதையை இரு விரல்களால் பிடித்துப் பார்க்கிறார். முன்னங்கால்களுக்குப் பின்னே கை கொடுத்து ஒரு முறை தூக்கி இறக்குகிறார். வாயைத் திறந்து பல் பார்க்கிறார். அவ்வளவுதான், மனத்துக்குள் எத்தனை கிலோ கறி தேறும் என்ற கணக்கு முடிந்துவிடுகிறது. இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. அந்த விரல் தொடுமிடமும் மீயொலிக் கருவி தொடுமிடமும் ஏறக்குறைய ஒன்றே. நாற்பது ஆண்டு அனுபவமுள்ள ஒரு வியாபாரியின் கணிப்பு பெரும்பாலும் ஓரிரு கிலோவுக்குள் சரியாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அறிவு அவருடைய விரலோடு நின்றுவிடுகிறது. எழுதப்படுவதில்லை, விற்பவருக்குச் சொல்லப்படுவதுமில்லை. மாட்டுச் சந்தையிலாவது துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போது இரு தரப்பும் தேர்ந்தவர்களாக இருப்பதுண்டு. ஆண்டுக்கு மூன்று ஆடு விற்கும் மலைவாசி, வாரத்துக்கு முந்நூறு ஆடு வாங்குபவரின் முன்னால் நிற்கிறார்.

ஒரு தரப்புக்கு மட்டும் சரக்கின் தரம் தெரிந்த சந்தை எப்படிச் சீர்குலையும் என்பதைப் பழைய கார்களை எடுத்துக்காட்டாக வைத்து ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் விளக்கினார்; பின்னர் 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவருடைய எடுத்துக்காட்டில் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. நம் ஆட்டுச் சந்தையில் அது தலைகீழ். விற்பவர் தம் பொருளின் எடையை அறியார். விளைவு ஒன்றுதான்: தரமான ஆட்டுக்கு உரிய விலை முழுமையாகக் கிடைக்காது என்று தெரிந்தவர், தரமான ஆட்டை உருவாக்க மெனக்கெட மாட்டார்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. ஒரே பருவத்தில் பிறந்த பத்துக் கிடாய்க்குட்டிகளில் எது முதலில் விற்கப்படும்? வேகமாக வளர்ந்து, முதலில் எடை கட்டியது. அதற்கே முதலில் விலை கேட்கிறார்கள். பக்ரீத்துக்கு ஊனமற்ற, ஓராண்டு நிறைந்த ஆடு வேண்டும். ஆடி மாதத் திருவிழாக்களுக்கு வாட்டசாட்டமான கிடாய் வேண்டும். தீபாவளிக்கு எதுவானாலும் போகும். இந்தச் சல்லடைகளில் ஒவ்வொன்றிலும் நல்லவை சலித்தெடுக்கப்பட, கடைசியில் மந்தையில் தங்குவது நோஞ்சானும் தாமதமாக வளர்ந்ததும்தான். அவைதாம் அடுத்த பருவத்துப் பெட்டைகளோடு சேர்கின்றன. மேலைநாட்டுப் பண்ணை சிறந்த காளையைக் கொல்லாமல் கண்டுபிடிக்கக் கருவி தேடியது. நாமோ எது சிறந்த கிடாய் என்பதைக் கருவியில்லாமலே ஓரளவு கண்டுபிடித்துவிடுகிறோம். கண்டுபிடித்தவுடன் அதைத்தான் முதலில் வெட்டுகிறோம்.

இதன் அளவைப் புரிந்துகொள்ள ஒரு எளிய கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஆறு மாத வயதில் மந்தையின் சராசரியைவிட 4 கிலோ கூடுதல் எடையுள்ள ஒரு கிடாய், 4 கிலோ குறைவான இன்னொன்று. வளர்ச்சியில் மரபின் பங்கு 25 சதவீதம் என்று கொண்டால், முதல் கிடாயின் மரபுவழி மேன்மை ஒரு கிலோ. அதில் பாதியே குட்டிக்குப் போகும். மறுபாதி தாயிடமிருந்து வருவது. ஆக, குட்டிக்கு அரைக் கிலோ கூடுதல். மட்டமான கிடாயின் குட்டிக்கு அரைக் கிலோ குறைவு. இரண்டுக்கும் வேறுபாடு குட்டிக்கு ஒரு கிலோ. ஒரு கிடாய்க்கு 30 பெட்டை, ஆண்டுக்குப் பிழைக்கும் குட்டி 40 என்றால், 40 கிலோ. உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 16,000 ரூபாய். மந்தையில் தங்கும் பெட்டைக்குட்டிகள் இந்த மேன்மையை அடுத்த தலைமுறைக்கும் எடுத்துச் செல்லும். அதை இதில் சேர்க்கவில்லை.

இப்போது கிடாய்க்காரரின் இடத்தில் நின்று பாருங்கள். அந்த 30 பெட்டைகளில் அவருடையவை 5. மேய்ச்சல் பொது, கிடாய் யார் வீட்டுப் பெட்டை என்று பார்த்துச் சேர்வதில்லை. 16,000 ரூபாயில் அவர் பங்கு ஆறில் ஒன்று, ஏறத்தாழ 2,700 ரூபாய். அதுவும் ஓராண்டு கழித்துச் சிறுகச் சிறுக வருவது. இடையில் கிடாய் நோயில் சாகலாம், களவு போகலாம், கூடுதல் தீனியும் கேட்கும். இன்றைக்கே வாசலில் ஒருவர் முழு விலையோடு நிற்கிறார். விற்பதே அவருக்கு அறிவுடைமை. ஒவ்வொரு வீடும் அறிவோடு நடந்துகொள்வதால் ஊர் முழுதும் இழக்கும் இந்த நிலைக்கு எங்கள் பாடத்தில் புறவிளைவு என்று பெயர். விழிப்புணர்வு முகாம் நடத்தி இதைத் தீர்க்க இயலாது. மலைவாசிக்கு விழிப்புணர்வு குறைவு என்று நினைக்கும் அதிகாரிகள், அவர் போடும் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு, குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாய். அதை எந்த விலைக்கும் விற்க மாட்டார்கள். பெரும்பாலும் காயடிக்கவும் மாட்டார்கள். ஓராண்டோ இரண்டாண்டோ ஊரின் தோட்டங்களில் வாய் வைத்துக் கொழுத்துத் திரியும் அது, வெட்டப்படும் நாளுக்குள் பல குட்டிகளுக்குத் தந்தையாகிவிடுகிறது. நேர்ந்துவிடும் குட்டி பொதுவாகக் குறையில்லாத நல்ல குட்டி. நல்ல கிடாயைச் சந்தையிடமிருந்து காப்பாற்றி வைக்கும் ஏற்பாடாக நான் அறிந்த அளவில் நம் கிராமங்களில் எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். யாரும் அதற்கென்று திட்டமிட்டதில்லை.

அளவையும் விலையும் இணைந்தால் என்ன நிகழும் என்பதற்குக் கல்வராயன் மலை விவசாயிக்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டு தேவையில்லை. அவருடைய மரவள்ளிக் கிழங்கே போதும். சேகோ ஆலைகள் கிழங்கை எடைக்கு மட்டும் வாங்குவதில்லை, 'பாயிண்ட்' பார்க்கின்றன. மாதிரிக் கிழங்கைக் காற்றிலும் நீரில் அமிழ்த்தியும் எடைபார்த்தால் அதன் அடர்த்தி தெரியும். மாவுச்சத்து மிகுந்த கிழங்கு அடர்த்தியானது. பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று விலை வந்தபிறகு, எந்த ரகம், எந்த மாதம் அறுவடை என்பதெல்லாம் விவசாயியின் பேச்சில் இடம்பெற்றுவிட்டன. கிழங்கை உடைக்காமல் உள்ளே இருப்பதை அளக்கும் அந்த முறை, ஒரு வகையில் மீயொலி ஸ்கேனுக்கு ஒன்றுவிட்ட உறவு. ஆனால் பாயிண்ட் பார்க்கும் கருவி ஆலையின் கையில் இருக்கிறது. பாயிண்டைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்ற குறை விவசாயிகளிடம் நெடுநாளாக உண்டு. கரும்பில் வேறொரு கோளாறு. சர்க்கரைக் கட்டுமானத்தைப் பொறுத்து விலை மாறும், ஆனால் ஆலை முழுவதற்குமான சராசரிக் கட்டுமானம் அது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு நல்ல கரும்பு வெட்டி அனுப்பியவருக்கும் சோடைக் கரும்பு அனுப்பியவருக்கும் ஒரே விலை. ஆட்டுக்கு அளவை கொண்டுவர நினைப்போர் இவ்விரண்டு பாடங்களையும் மறக்கக் கூடாது: அளவு தனித்தனி ஆட்டுக்கு வேண்டும், தராசு வாங்குபவரின் கையில் இருக்கக் கூடாது.

அப்படியானால் மலைக்கு மீயொலிக் கருவி வேண்டுமா? ஆஸ்திரேலியாவில் 1989-இல் தொடங்கிய 'லேம்ப்பிளான்' என்னும் திட்டம் செம்மறிகளின் முதுகுத்தசை ஆழத்தையும் கொழுப்பையும் ஸ்கேன் செய்து இனவிருத்தி மதிப்பு தருகிறது. வெள்ளாட்டுக்கும் 'கிட்பிளான்' என்ற பெயரில் அதே ஏற்பாடு உண்டு. ஆகவே தொழில்நுட்பம் ஆட்டுக்குப் பொருந்தாது என்று சொல்வதற்கில்லை. ஆனால் வெள்ளாடு கொழுப்பைத் தோலுக்கடியில் அதிகம் சேர்ப்பதில்லை. சிறுநீரகத்தைச் சுற்றியும் குடலைச் சுற்றியும் சேர்க்கிறது. முதுகுக் கொழுப்பு ஓரிரு மில்லிமீட்டர் என்றால் அளப்பதில் நேரும் பிழையே அளவை விழுங்கிவிடும். தசைக்குள் கொழுப்பு படர வேண்டும் என்ற விருப்பமும் நமக்கில்லை. நாம் விரும்புவது இளம் ஆட்டின் கொழுப்புக் குறைந்த கறி. எஞ்சுவது தசை ஆழம் ஒன்றே. அது பெரிதும் எடையோடு சேர்ந்தே ஏறும். எடையையே பதிவு செய்யாத இடத்தில் தசை ஆழத்தை அளப்பது, அடித்தளம் போடுமுன் மொட்டைமாடிக்கு ஓடு பதிக்கும் வேலை.

முதலில் வேண்டியது தொங்கு தராசு. சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். அதுவும் இல்லாத இடத்தில் நெஞ்சுச் சுற்றளவை அளந்து எடையைக் கணிக்கும் நாடா. அடுத்து, காதில் ஒரு எண் வில்லை, அந்த எண்ணுக்கு ஒரு குறிப்பேடு: பிறந்த நாள், தாய், ஒற்றையா இரட்டையா, மூன்று மாத எடை, ஆறு மாத எடை. எடையை மட்டும் துரத்துவதிலும் ஆபத்து உண்டு. மலைச்சரிவில் மேய்ந்து, கோடையில் காய்ந்த இலை தின்று, மழைக்காலத்தில் குளம்பு நோயைத் தாங்கி நிற்பதே அங்கே ஆட்டின் முதல் தகுதி. பெருத்த ஆடு அதிகம் தின்னும். ஆகவே பிழைத்தவை எத்தனை என்ற பத்தியும் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசி ஒரே ஆண்டில் காப்பாற்றும் கறியை எந்த இனவிருத்தித் திட்டமும் ஐந்தாண்டில் தராது. அதைச் செய்துவிட்டுத்தான் இதைப் பேச வேண்டும்.

ஸ்கேனுக்கு இடம் அடிவாரத்தில் இருக்கிறது. சின்னசேலத்தில் அரசு ஆட்டுப் பண்ணை நெடுங்காலமாக உள்ளது. அங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க தலைவாசல் பகுதியில், ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், 2021 பிப்ரவரியில் ஒரு பெரிய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் திறக்கப்பட்டது. சேலம் மாவட்டத்தின் மறுகோடியில், பொட்டனேரியில், மேச்சேரி செம்மறிக்கான ஆராய்ச்சி நிலையம் 1978 முதல் இயங்குகிறது. பதிவேடு வைத்துக் கிடாய் தேர்ந்தெடுக்கும் கலை அங்கே புதிதல்ல. மலையூர்களில் எடைப் பதிவில் முதலிடம் பெறும் கிடாய்க்குட்டிகளை விலைகொடுத்து வாங்கி, இப்படிப்பட்ட ஓர் இடத்தில் ஒரே தீனியில் சில மாதம் வளர்த்து, அங்கே ஸ்கேன் செய்து, தேறியவற்றை மலைக்குத் திருப்பி அனுப்பலாம். நூற்றுக்கணக்கில் அளந்தால் போதும், ஆயிரக்கணக்கில் வேண்டியதில்லை. கருவியும் வளாகத்துக்குள்ளேயே இருப்பது நல்லது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், கையடக்க ஸ்கேன் கருவிகள் எதற்குப் பயன்படுத்தப்பட்டன என்பதை நம் வடமாவட்டங்கள் அறியும். ஆட்டுக்கென்று வாங்கிய கருவி மலைப்பாதையில் கணக்கின்றி அலையக் கூடாது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாகவே முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டது. அதன்பின் மலைக்கு மாற்று வாழ்வாதாரம் என்ற பேச்சு எழும் ஒவ்வொரு முறையும் ஆடு வழங்குவது பட்டியலில் இடம்பெறுகிறது. ஆடு வழங்குவதை நான் குறைசொல்ல மாட்டேன். 2011-இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டம், குடும்பத்துக்கு நான்கு வீதம் ஐந்தாண்டுகளில் ஏழு லட்சம் குடும்பங்களை இலக்காகக் கொண்டது. ஏழைப் பெண்ணின் கையில் ஒரு சொத்தை வைத்த திட்டம் அது. ஆனால் அந்த ஆடுகள் பெரும்பாலும் சந்தையில் வாங்கப்பட்டவை. வளர்ச்சிப் பதிவு பார்த்து வாங்கும் வசதி எந்தச் சந்தையிலும் இல்லை. எண்ணிக்கையைப் பெருக்குவது அரசுக்கு எளிது, படம் எடுக்கவும் வசதி. ஊருக்கு இரண்டு நல்ல கிடாயை இரண்டாண்டு உயிரோடு வைத்திருப்பதில் விழா எடுக்க ஒன்றுமில்லை.

அதற்கான ஏற்பாட்டை நேர்ந்துவிட்ட கிடாயிலிருந்தே கற்கலாம். 50 பெட்டைகள் உள்ள மலையூர் ஒன்றுக்கு இரண்டு பொலிகிடாய்கள். மகளிர் குழுவோ, கிராம சபை தேர்ந்தெடுக்கும் ஒருவரோ அவற்றை வளர்க்கட்டும். வளர்ப்புக்கூலியை மாதாமாதம் அரசு தரட்டும். மேலே போட்ட கணக்கின்படி ஒரு கிடாயால் ஊருக்கு ஆண்டுக்கு 16,000 ரூபாய் ஆதாயம் என்றால், மாதம் 500 ரூபாய் கூலி வீண் செலவாகாது. காப்பீடும் அரசின் பொறுப்பு. இரண்டாண்டு முடிந்ததும், மகள்களோடு சேர்வதைத் தவிர்க்க, கிடாயை அடுத்த ஊருக்கு மாற்றலாம், அல்லது வளர்த்தவரே விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். மற்றக் கிடாய்க்குட்டிகளை உரிய பருவத்தில் காயடிப்பதற்கு ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையேல் நோஞ்சான்கள் முந்திக்கொள்ளும்.

ஒரு நடைமுறைக் குறிப்பும் உண்டு. கிடாய்க்குட்டிகளை வாங்கும் பணம் பக்ரீத்துக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்னதாக அலுவலரின் கையில் இருக்க வேண்டும். நிதியாண்டின் கடைசி வாரத்தில் ஒதுக்கீடு வந்து, ஒப்புதல் கோப்பு நகர்ந்து, வாகனம் மலையேறும்போது பக்ரீத் முடிந்திருந்தால், வாங்குவதற்கு அங்கே மிச்சம் இருப்பவை வியாபாரி தொட்டுப் பார்த்து வேண்டாம் என்று விட்டுப்போன கிடாய்களாகத்தான் இருக்கும்.